வேறுபாடு இல்லை

அரைக்கிலோ எடை. முப்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம்.
கீழே மயங்கிக் கிடக்கும் ஒரு தொடை.
முதலில் மெல்லிய கம்பியை மஜ்ஜைக் குழிக்குள் செலுத்தி
பிறகு கையை எடுத்துவிட வேண்டும்,
மிச்சத்தை எடை பார்த்துக்கொள்ளும்.
சத்தம் சின்னது.
நெத்திலிக் கருவாட்டை ஒடித்ததுபோல என்று
குறிப்பேட்டில் எழுதி அடித்துவிட்டேன்.
குறுக்கு முறிவு, நடுத்தண்டு.
அவ்வளவு போதும்.

மண்டபத்தில் எங்கள் கூடத்துக்கு இரு பக்கமும் கடல்.
வாடையில் வடகடல் கலங்கும்,
கச்சான் வீசினால் தென்கடல்.
எது கலங்கினாலும்
மைக்ரோடோம் கத்தியில் காலையில் துரு.

முனைக்காட்டிலிருந்து களஞ்சியம் பாசி கொண்டுவருவார்,
மூங்கில் மிதவையில் வளர்ந்தது, ஈரச் சாக்கில்.
காயவைத்து, அரைத்து, வடித்து
பன்னிரண்டு எலிகளுக்குக் கொடுத்தோம்.
மற்றப் பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர்.
வாலில் மையால் எண்.
நக்கி நக்கி அழித்துவிடும்,
வெள்ளிதோறும் திரும்ப எழுதுவேன்.

வலிமருந்து எட்டு மணிக்கொரு முறை.
மூன்று இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
முதுகை வளைத்து மூலையில் குந்தியிருப்பது வலி,
மரத்தூளைக் கிளறத் தொடங்கினால் தேவலை.
அட்டவணையில் இதற்கு மதிப்பெண் உண்டு,
பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை.

ஏழாம் நாள் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
பதினான்கில் முறிவைச் சுற்றி ஒரு புகை.
இறுகுவதைக் கண்ணால் பார்க்க
இளக வைக்கவேண்டியிருக்கிறது:
எடுத்த எலும்பை மூன்று வாரம் கரைசலில் ஊறவிட்டு
சுண்ணாம்பு முழுக்கக் கழன்று
குண்டூசி தடையின்றி இறங்கும்வரை
காத்திருந்து, மெழுகில் புதைத்து, சீவ வேண்டும்.
சாயமிட்டால் குருத்தெலும்பு செம்பருத்திச் சிவப்பு.
இன்னொரு சாயத்தில் தின்னும் செல்கள்,
ஒவ்வொன்றிலும் ஏழெட்டு உட்கருக்கள்,
கட்டியதன் ஓரத்தைக் கடித்தபடி.
கட்டுகிறவை மட்டும் இருந்திருந்தால்
கால் ஒரு கட்டியாகத்தான் முடிந்திருக்கும்.

புயல் இரவொன்றில் மின்சாரம் போனது.
டீசல் வாங்கப் போன அந்தோணியடிமை
உச்சிப்புளியில் சாய்ந்த புளியமரத்துக்கு அந்தப்பக்கம்.
குட்டி எலியின் மஜ்ஜையில் வளர்த்த செல்கள்,
பத்தொன்பது நாள் வயது,
முப்பத்தேழு டிகிரி கேட்கின்றன.
குடுவையை மூடி இறுக்கி
துப்பட்டாவுக்குள் அக்குளில் செருகிக்கொண்டு
நாற்காலியிலேயே விடிய விடிய இருந்தேன்.
என்னிடமும் அதே முப்பத்தேழுதான்.
விடிந்ததும் நுண்ணோக்கியில்
குடுவை நிறையப் பூஞ்சை.
பிளீச் ஊற்றிக் கொட்டினேன்.
இதை அறிக்கையில் எழுத இடமில்லை.

ஒடிக்கும் வலு, விறைப்பு, புதிய எலும்பின் பரப்பு:
மூன்றையும் அளந்தோம்.
பாசி குடித்தவை சேர்ந்துவிட்டன.
தண்ணீர் குடித்தவையும் சேர்ந்துவிட்டன, அதே வேகத்தில்.
புள்ளியியல் சொன்னது இரண்டு சொல்.

அடுத்த சாக்கோடு களஞ்சியம் வந்தார்.
"எலிக்குக் காலு சரியாயிருச்சா?"
எல்லாவற்றுக்கும் சரியாகிவிட்டது என்றேன்,
பாசி குடிக்காததற்கும்.
கொஞ்சநேரம் யோசித்தார்.
"அப்ப தண்ணியே போதுமாக்கும்?"
பிறகு சாக்கை இறக்காமலே
"இன்னைக்குள்ள பாசிக்குக் காசு உண்டுல்ல?"

உண்டு என்றேன்.

முன்னால் சொல்லியிருக்க வேண்டும், பதினேழைப் பற்றி.
தண்ணீர்க் குழு.
இருபத்தேழாம் நாள் மாலை
கம்பி இருக்கும் காலையும் இல்லாத காலையும்
ஒன்றுபோல் ஊன்றி எழுந்து
குழாயை எட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.
நடை இயல்பு, எடை இருபுறமும் சமம் என்று எழுதினேன்.
மறுநாள் காலை ஒன்பது மணிக்கு
முதல் எண் அதுதான்.
குழாயில் தண்ணீர் பாதிக்குமேல் இருந்தது.
ஆனாலும் நிரப்பி வைத்தேன்.